சேர்த்துவைக்கிறவருக்கு எந்த மந்திரவாதி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டத்தை முதல் தடவையாகத் தொடங்கப்போகிறீர்கள். வாள், வில் எல்லாம் வேண்டாம், மந்திரம் போடுகிற ஆளாகத்தான் ஆடவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறீர்கள். விஸார்ட், சோர்ஸரர், வார்லாக் என்ற மூன்று மந்திரவாதி வகைகளில் எது பலமானது என்று கேட்கிறீர்கள். நண்பர் விஸார்ட் எடுக்கச் சொல்கிறார். பார்த்த காணொளிகளில் பாதி சோர்ஸரரைப் புகழ்கின்றன. வார்லாக்கால் இரண்டே இரண்டு மந்திரம்தான் போட முடியும் என்று கேள்விப்பட்டு அதை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டீர்கள். தப்பாக எடுத்துவிட்டால் நூறு மணி நேரம் வீணாகுமே என்ற பயமும் கேள்வியில் தெரிகிறது. கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மற்ற ஆட்டங்களில் மருந்துக் குப்பி, குண்டு, அபூர்வ அம்பு எல்லாவற்றையும் பின்னால் தேவைப்படும் என்று சேர்த்துவைத்து, தொடாமலே ஆட்டத்தை முடித்துவிடுவீர்களாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். என் பதில் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடலாம். இந்த ஆட்டத்தில் எடுத்த கிளாஸை, அதாவது பாத்திர வகையை, மாற்ற முடியாமல் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூடு மாதிரியான பாத்திரம் ஆரம்பத்திலேயே உங்கள் முகாமுக்கு வந்துசேரும். அதனிடம் 100 பொற்காசு கொடுத்தால் கிளாஸ், ஆற்றல் எண்கள், கற்ற மந்திரங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி தேர்ந்தெடுக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் கூட்டாளிகளுக்கும் இதே வசதி உண்டு. முதல் சில மணி நேரத்திலேயே கைக்கு வந்துவிடுகிற தொகை அது. ஆகவே நீங்கள் எடுக்கப்போவது முதல் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கான முடிவு, அவ்வளவுதான்.

நான் எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆட்டத்தின் விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பிலிருந்து வந்தவை. அதை 2014இல் வெளிவந்ததிலிருந்தே மேசையில் பகடையும் காகிதமுமாக நண்பர்களுக்கு நடத்திவருகிறேன். நடுவராக உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் எந்த மந்திரவாதியை எடுக்கிறார்கள், எதில் சோர்ந்துபோகிறார்கள் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட இந்தக் கணினி ஆட்டத்தை ஐந்து முறை முடித்திருக்கிறேன். விஸார்ட், சோர்ஸரர், வார்லாக் மூன்றையும் முக்கியப் பாத்திரமாக வைத்து முழுசாக ஆடியிருக்கிறேன். பெரும்பாலும் பேலன்ஸ்டு, டாக்டிஷியன் என்ற இரண்டு கடின அளவுகளில்தான். எல்லாவற்றிலும் கடினமான ஹானர் மோடில் ஒரே ஒரு தடவைதான் கடைசிவரை போனேன். அதனால் அந்த அளவுக்கு எது சிறந்தது என்று நான் சொன்னால் அதைக் குறைவாகவே நம்புங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மூன்று கிளாஸுக்கும் போடக்கூடிய மந்திரங்கள் ஓரளவு ஒன்றுதான். வித்தியாசம், மந்திரத்தை எப்படிப் பெறுகிறார்கள், எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில். செலவுக்கான அலகு ஸ்லாட். மந்திரங்களுக்கு முதல் நிலை, இரண்டாம் நிலை என்று படிகள் உண்டு. ஒரு மூன்றாம் நிலை மந்திரத்தைப் போட அந்த நிலை ஸ்லாட் ஒன்று, அல்லது அதைவிட உயர்ந்தது ஒன்று தீரும். விஸார்டுக்கும் சோர்ஸரருக்கும் ஐந்தாம் லெவலில் முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2 இருக்கும். தீர்ந்தால் முகாமுக்குப் போய் இரவு தூங்கி எழுந்தால்தான், அதாவது லாங் ரெஸ்ட் எடுத்தால்தான், திரும்ப வரும். வார்லாக்குக்கு ஐந்தாம் லெவலில் மொத்தமே இரண்டு ஸ்லாட்தான், நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஆனால் இரண்டுமே மூன்றாம் நிலை. அதோடு, நின்ற இடத்திலேயே ஒரு பொத்தானை அழுத்தி எடுக்கிற ஷார்ட் ரெஸ்டிலேயே அவை திரும்பிவிடும். ஒரு லாங் ரெஸ்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் எடுக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு வார்லாக் ஆறு மூன்றாம் நிலை மந்திரம் போடுகிறார். விஸார்டுக்கு ஆர்கேன் ரிகவரி என்ற சலுகையால் ஒன்று கூடுதலாக, மொத்தம் மூன்று. சோர்ஸரர் தன் ஐந்து சோர்ஸரி புள்ளிகளையும் (அவற்றைப் பின்னால் விளக்குகிறேன்) ஸ்லாட்டாகக் கரைத்தால் அவருக்கும் மூன்று. அந்த இருவருக்கும் கீழ்நிலை ஸ்லாட் ஏழு உண்டு, வார்லாக்குக்கு அது கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

விஸார்டை எடுத்துக்கொள்வோம். விஸார்டின் சந்தோஷம் அவருடைய மந்திரப் புத்தகம். தொடங்கும்போது ஆறு மந்திரம், ஒவ்வொரு லெவலுக்கும் இரண்டு. இது போதாதென்று, வழியில் கிடைக்கும் மந்திரச் சுருள்களையும் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். மந்திரத்தின் நிலை ஒன்றுக்கு 50 பொற்காசு செலவு, தான் தேர்ந்தெடுத்த மந்திரத் துறையைச் சேர்ந்தது என்றால் பாதி. ஆக வியாபாரி எதிர்ப்படும் ஒவ்வொரு தடவையும் விஸார்டுக்கு ஒரு திருவிழாதான். புத்தகத்தில் இருப்பதிலிருந்து, உங்கள் லெவலும் இன்டெலிஜென்ஸ் என்ற ஆற்றல் எண் தரும் கூடுதலும் சேர்ந்த எண்ணிக்கையில் மந்திரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். சண்டை இல்லாத நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் அந்தப் பட்டியலை மாற்றலாம். பூட்டிய கதவு வந்தால் நாக், கூட்டமாக எதிரிகள் நிற்பது தெரிந்தால் ஃபயர்பால், காலையில் கிளம்பும் முன் நால்வருக்கும் நடை வேகத்தைக் கூட்டும் லாங்ஸ்ட்ரைடர். அதற்கு ஸ்லாட் கூடச் செலவாகாது.

இரண்டாம் லெவலில் எவொகேஷன் துறையை எடுத்தால், வெடிக்கிற மந்திரம் நம் ஆட்களைத் தொடாமல் விடுகிற ஸ்கல்ப்ட் ஸ்பெல்ஸ் கிடைக்கும். என் விஸார்ட் ஆட்டத்தில் மறக்க முடியாத இடம் அதுதான். என் ஃபைட்டர் முன்னால் ஓடிப்போய் ஏழு கோப்ளின்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். வேறு மந்திரவாதி என்றால் அந்த நிலையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான், ஏனென்றால் ஃபயர்பால் யார் எவர் என்று பார்க்காது. எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28 சேதம். நான் வட்டத்தை நேராக ஃபைட்டர் தலைமேலேயே வைத்தேன். தீ அடங்கியபோது கருகிய தரையின் நடுவில் அவர் மட்டும் நின்றிருந்தார், உடம்பில் ஒரு புள்ளி குறையாமல். விஸார்டைக் காதலிக்க அந்த ஒரு காட்சி போதும்.

இருந்தாலும் உங்களுக்கு முதல் ஆட்டத்தில் விஸார்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விஸார்டின் யோசனையெல்லாம் சண்டைக்கு முன்னால் நடக்கிறது. என்ன வரப்போகிறது என்று ஓரளவு தெரிந்தவருக்குத்தான் அந்தப் பட்டியலை மாற்றிமாற்றி வைக்கிற வசதி முழுசாகப் பயன்படும். முதல் முறை ஆடுகிறவருக்கு அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இன்னொன்று, சேர்த்துவைக்கிற பழக்கம் உள்ள ஒருவர் கையில் விஸார்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்பது ஸ்லாட்டில் ஏழு மிச்சமிருக்க, ஒவ்வொரு முறையும் ஸ்லாட் செலவில்லாத ஃபயர் போல்ட்டையே வீசிக்கொண்டிருப்பார். சுருள்களைப் புத்தகத்திலும் எழுதமாட்டார், போடவும் மாட்டார். பை நிறைந்துகொண்டே போகும்.

சோர்ஸரர் நேர்மாறு. புத்தகம் கிடையாது. ஐந்தாம் லெவலில் மொத்தம் ஆறு மந்திரம்தான் தெரியும். லெவல் ஏறும்போது ஒன்றை விட்டு வேறொன்றை எடுக்கலாம், அதற்குமேல் விதர்ஸிடம் போனால்தான் மாற்ற முடியும். அதற்கு ஈடாக மெட்டாமேஜிக். தெரிந்த மந்திரத்தையே வளைத்துப் போடுகிற வித்தை அது. லெவலுக்குச் சமமான எண்ணிக்கையில் சோர்ஸரி புள்ளிகள் கிடைக்கும். அவற்றைச் செலவழித்து, ஒருவருக்குப் போடும் மந்திரத்தை ட்வின்ட் மூலம் இருவருக்குப் போடலாம். எட்டாத தூரத்துக்கு நீட்டலாம். மூன்றாம் லெவலில் வரும் குவிக்கன்ட்தான் பெரிய விஷயம். ஒரு சுற்றில் பெரிய செயலுக்கு ஒரு ஆக்‌ஷன், சின்னச் செயலுக்கு ஒரு போனஸ் ஆக்‌ஷன் உண்டு. மூன்று புள்ளி கொடுத்தால், முழு ஆக்‌ஷன் தேவைப்படும் மந்திரத்தை போனஸ் ஆக்‌ஷனில் போட்டுவிடலாம்.

இங்கே மேசை விதிக்கும் கணினி ஆட்டத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. மேசையில் போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அதே சுற்றில் ஆக்‌ஷனில் கான்ட்ரிப் எனப்படும் இலவச மந்திரம் மட்டும்தான் போடலாம். லேரியன் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஐந்தாம் லெவல் சோர்ஸரர் ஒரே சுற்றில் இரண்டு ஃபயர்பால் வீசலாம். எதிரிகள் தப்பிக்கும் சோதனையில் இரண்டு முறையும் தோற்றால் சராசரி 56 சேதம், அதுவும் வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும். நீங்கள் பார்த்த காணொளிகள் சோர்ஸரரை ஏன் தூக்கிவைத்துக் கொண்டாடுகின்றன என்றால் இதனால்தான். அவர்கள் சொல்வது பொய்யில்லை. தண்ணீர் கொட்டி நனைத்த எதிரிக்கு மின்னல், குளிர் சேதம் இரண்டும் இரட்டிப்பாகும் என்பதையும் இதோடு சேர்த்தால் இன்னும் பயங்கரம்.

ஆனால் அந்தச் சுற்று முடிந்ததும் உங்களிடம் மூன்றாம் நிலை ஸ்லாட் எதுவும் மிச்சமில்லை, புள்ளி இரண்டு இருக்கும். காணொளியில் இருப்பவர் அடுத்த நிமிடம் லாங் ரெஸ்ட் எடுத்துவிடுகிறார். நீங்கள் எடுப்பீர்களா? அதற்கு முன்னால், அந்த இரண்டாவது ஃபயர்பாலை முதலில் வீசுவீர்களா? எதையும் கடைசிவரை தொடாதவர், நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் இரண்டையும் ஆறு வினாடியில் எரித்துவிடத் துணிவார் என்று எனக்குத் தோன்றவில்லை. எரிக்காத சோர்ஸரர், மந்திரம் குறைவாகத் தெரிந்த விஸார்டுதான்.

சோர்ஸரரில் நானே செய்த ஒரு தவறைச் சொன்னால் எந்தக் கிளாஸ் எடுத்தாலும் உதவும். என் முதல் சோர்ஸரருக்கு ஹேஸ்ட், ஹிப்னாடிக் பேட்டர்ன், இரண்டாம் நிலையில் வெப் என்று பார்க்க நன்றாக இருந்ததையெல்லாம் பொறுக்கினேன். மூன்றுமே கான்சென்ட்ரேஷன் மந்திரங்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கான்சென்ட்ரேஷன் மந்திரத்தைத்தான் பிடித்துவைத்திருக்க முடியும், இரண்டாவதைப் போட்ட நொடியில் முதலாவது கலைந்துவிடும். ஆறு மந்திரத்தில் மூன்று ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் கையில் இருப்பது உண்மையில் நான்குதான். எடுக்கும்போதே மந்திரக் குறிப்பில் கான்சென்ட்ரேஷன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அடிபட்டாலும் அது கலையலாம். பத்து அல்லது பட்ட சேதத்தில் பாதி, இதில் எது அதிகமோ அதை கான்ஸ்டிட்யூஷன் சோதனையில் எட்ட வேண்டும். சோர்ஸரருக்கு அந்தச் சோதனையில் பிறவிப் பயிற்சி உண்டு, விஸார்டுக்கும் வார்லாக்குக்கும் இல்லை. கான்ஸ்டிட்யூஷன் 14 வைத்திருக்கும் ஐந்தாம் லெவல் சோர்ஸரர் சின்ன அடிகளில் 80 சதவீதம் தாக்குப்பிடிப்பார், அதே எண் வைத்திருக்கும் மற்ற இருவரும் 65 சதவீதம். சோர்ஸரருக்கு இதை ஒரு பெரிய அனுகூலமாகவே கருதுகிறேன், காணொளிகளில் இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அப்புறம் வார்லாக். இவர் மந்திரத்தை ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு வாங்குகிறவர். இரண்டு ஸ்லாட் என்ற குறை தெரியாமல் போவதற்குக் காரணம் எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற கான்ட்ரிப். எத்தனை தடவை வேண்டுமானாலும் வீசலாம், ஸ்லாட் தேவையில்லை. ஒரு கதிருக்கு ஒரு பத்துமுகப் பகடை சேதம். ஐந்தாம் லெவலில் இரண்டு கதிர், பத்தாம் லெவலில் மூன்று. இரண்டாம் லெவலில் கிடைக்கும் இன்வொகேஷன் என்ற சிறப்புத் திறன்களில் அகனைஸிங் பிளாஸ்டை எடுத்தால் ஒவ்வொரு கதிரோடும் கேரிஸ்மா என்ற ஆற்றல் எண் தரும் கூடுதலும் சேரும். ஐந்தாம் லெவலில் கேரிஸ்மா கூடுதல் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கவச எண் 15 உள்ள எதிரிமேல் 65 சதவீதம் படும். சராசரியாக ஒரு சுற்றுக்கு 12 சேதம் வரும். அதே நிலையில் விஸார்டின் ஃபயர் போல்ட் 7. அதுவும் வார்லாக்குக்கு இரண்டு கதிராக வருவதால் ஒன்று தவறினாலும் மற்றது படலாம், இல்லாவிட்டால் இரண்டு எதிரிக்குப் பிரித்துக் கொடுக்கலாம். சேர்த்துவைக்கிறவர் இலவசமானதையே வீசிக்கொண்டிருப்பார் என்று சொன்னேன் அல்லவா, வார்லாக்கில் அப்படி வீசுவதே சரியான ஆட்டம்.

ஸ்லாட் செலவழிக்கிற நேரம் வரும்போது என்ன நடக்கும் என்று ஒரு சண்டையை வைத்துச் சொல்கிறேன். கோப்ளின்கள் தங்கியிருக்கும் இடிந்த கோயிலுக்கு என் வார்லாக்கோடு கொஞ்சம் தாமதமாக, ஐந்தாம் லெவலில் போனேன். உள்ளே ஒரு அறையில் சத்தம் எழுந்துவிட்டது, வெளியே இருந்த கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்து ஓடிவந்தது. அறைக்கு ஒரே வாசல். வாசலுக்கு வெளியே ஹங்கர் ஆஃப் ஹடாரைப் போட்டேன். தரையில் கருப்பு வட்டம் ஒன்று விரியும். அதற்குள் இருப்பவருக்குக் கண் தெரியாது, கால் நகர்வது பாதியாகும். அவர்கள் முறை தொடங்கும்போது குளிரால் சராசரி 7 சேதம், முடியும்போது சோதனையில் தோற்றால் அமிலத்தால் இன்னொரு 7. ஒவ்வொருவராகத் தட்டுத்தடுமாறி இருட்டின் விளிம்புக்கு வந்தார்கள். என்னிடம் ரிபெல்லிங் பிளாஸ்ட் என்ற இன்வொகேஷனும் இருந்தது. கதிர் பட்டால் எதிரியை 4.5 மீட்டர் பின்னால் தள்ளும். விளிம்பில் தலை தெரிந்த கோப்ளினை மறுபடி உள்ளேயே தள்ளினேன். அடுத்த முறை இன்னொருவர் தலை. நான்கு சுற்றில் வாசலைத் தாண்டி அறைக்குள் வந்தவர்கள் இருவர், அவர்களையும் என் ஃபைட்டர் பார்த்துக்கொண்டார். நான் செலவழித்தது ஒரே ஒரு ஸ்லாட். முடிந்ததும் ஷார்ட் ரெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், அதுவும் திரும்பிவந்துவிட்டது.

வார்லாக் உங்களுக்குப் பொருந்தும் என்று நான் சொல்வது இந்த இடத்தில்தான். செலவழித்தது உடனே திரும்புகிறது. ஷார்ட் ரெஸ்ட் எடுக்கும்போது கையில் ஸ்லாட் மிச்சமிருந்தால் அது உங்களுக்கு நஷ்டம், ஏனென்றால் இரண்டுக்குமேல் சேராது. சேர்த்துவைக்க இடமே இல்லாத பை அது. மேசையில் ஒருவரை இப்படி வார்லாக்குக்கு மாற்றினேன். மூன்று மாதம் விஸார்டாக இருந்து எதையும் போடாதவர், இரண்டாவது அமர்விலேயே சண்டை தொடங்கியதும் முதல் ஆளாக ஸ்லாட்டை எரிக்கத் தொடங்கினார். ஒருவரை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாதுதான், ஆனால் அந்த மாற்றத்தை நேரில் பார்த்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு சண்டையிலும் பாதி நேரம் எல்ட்ரிச் பிளாஸ்ட்தான், சிலருக்கு இருபது மணி நேரத்தில் அலுத்துவிடும். மூன்றாவது ஸ்லாட் பதினோராம் லெவலில்தான் வருகிறது, ஆட்டத்தின் உச்ச லெவலே பன்னிரண்டு. ஸ்லாட்டெல்லாம் ஒரே நிலை என்பதால் ஒரு சின்ன முதல் நிலை மந்திரத்துக்கும் பெரிய ஸ்லாட்தான் போகும். அதனால் ஹெக்ஸ் என்ற முதல் நிலைச் சாபம் மாதிரியானவற்றுக்கு ஸ்லாட் கொடுக்க வயிறெரியும். மூன்றாம் லெவலில் ஒப்பந்தப் பரிசாக டோம் எனும் புத்தகத்தை எடுத்தால், ஐந்தாம் லெவலில் ஹேஸ்ட், கால் லைட்னிங், அனிமேட் டெட் மூன்றையும் நாளுக்கு ஒருமுறை ஸ்லாட் இல்லாமல் போடலாம். மந்திரவாதியாகவே ஆட விரும்புகிற உங்களுக்கு, ஆயுதம் தரும் பிளேடு என்ற பரிசைவிட அதுதான் பொருத்தம்.

பேச்சு வார்த்தையையும் கணக்கில் எடுக்க வேண்டும். நீங்கள் ஆடப்போவது நான்கு பேர் கொண்ட குழு, நால்வரையும் நீங்களேதான் இயக்குவீர்கள். கேல் என்ற விஸார்ட் முதல் மணி நேரத்திலேயே கிடைத்துவிடுவார். ஆகவே விஸார்ட் ஆடும் அனுபவம் எப்படியும் உங்களுக்கு உண்டு, சுருள் எழுதுவது, புத்தகம் நிரப்புவது எல்லாவற்றையும் அவர் வழியாகச் செய்யலாம். ஆனால் கதையில் பெரும்பாலான இடங்களில் பேசுவது நீங்கள் உருவாக்கிய பாத்திரம். சோர்ஸரர், வார்லாக் இருவரின் மந்திர ஆற்றலும் கேரிஸ்மாவில் நிற்கிறது, ஆளைப் பேசி மடக்குவதும் அதே கேரிஸ்மாவில்தான். முதல் லெவலில் கேரிஸ்மா 17, பேசி இணங்கவைக்கும் பெர்சுவேஷனில் பயிற்சி என்றால் பகடையில் 15 என்ற இலக்கை எட்ட 55 சதவீத வாய்ப்பு. கேரிஸ்மா 10, பயிற்சியில்லாத விஸார்டுக்கு 30. ஆட்டம் முழுக்க இது கூடிக்கொண்டே போகும். வில் என்ற வார்லாக் கூட்டாளியும் ஆட்டத்தில் உண்டு, இருவரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்களே என்று தோன்றினால் விதர்ஸிடம் அவரை வேறு கிளாஸுக்கு மாற்றிவிடலாம், கதையில் எதுவும் கெடாது.

எது பலமானது என்ற உங்கள் நேரடிக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடக்கூடாது. உறுதியாகச் சொல்லக்கூடியது: ஒரே சுற்றில் அதிகச் சேதம் சோர்ஸரர், அதிக வகை மந்திரம் விஸார்ட், லாங் ரெஸ்ட் எடுக்காமல் நீண்ட நேரம் நிற்பது வார்லாக். விதிகளிலேயே இருப்பது இது, இதில் வாதமில்லை. இவற்றில் எது ஆட்டம் முழுவதற்கும் மேல் என்பது நீங்கள் எத்தனை முறை தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, கடைசிப் பகுதியில் எந்தப் பொருட்கள் கையில் கிடைக்கின்றன என்பதையும் பொறுத்தது. எனவே பட்டியல் போட்டு வரிசைப்படுத்துகிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. நாளுக்கு ஒரே சண்டை என்று ஆடினால் சோர்ஸரர் எல்லோரையும் மிஞ்சுவார். நான்கைந்து சண்டைக்கு ஒருமுறை தூங்கினால் வார்லாக் அவரை எட்டிப்பிடித்துவிடுவார் என்பது என் அனுபவம். 2025 ஏப்ரலில் எட்டாவது பேட்ச் வழியாகப் பன்னிரண்டு புதிய உட்பிரிவுகள் வந்தன. வார்லாக்கின் ஹெக்ஸ்பிளேடும் அதில் ஒன்று. அதைப் பத்து மணி நேரம்தான் ஆடியிருக்கிறேன், அது வாள் பிடிக்கிறவருக்கானது என்பதால் உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

லாங் ரெஸ்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சேர்த்துவைக்கிறவர்கள் தூக்கத்தையும் சேர்த்துவைப்பார்கள். பேலன்ஸ்டு அளவில் ஒரு முழு ஓய்வுக்கு 40 உணவுப் புள்ளி போதும், டாக்டிஷியனில் 80. வழியில் இருக்கும் பெட்டி, பீப்பாய்களைத் திறந்து பார்த்தாலே தாராளமாகச் சேரும். கூட்டாளிகளின் கதைக் காட்சிகளில் நிறைய இரவு முகாமில்தான் நடக்கின்றன. தூங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அவை வரிசையில் தேங்கி, சில தவறியும் போகலாம். வார்லாக் எடுத்தாலும் இரண்டு ஷார்ட் ரெஸ்டும் தீர்ந்ததும் முகாமுக்குப் போய்விடுங்கள். உடன் வரும் கேலும், ஷேடோஹார்ட் என்ற இன்னொரு கூட்டாளியும் அதற்காகத்தான் காத்திருப்பார்கள்.

மற்ற மூன்று மந்திரக்காரர்களை நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பார்ட் கேரிஸ்மாக்காரர், பேச்சிலும் பூட்டுத் திறப்பதிலும் கெட்டிக்காரர், வெடிக்கிற மந்திரம் குறைவு. கிளெரிக்காக ஷேடோஹார்ட் இருக்கிறார், ஐந்தாம் லெவலில் ஸ்பிரிட் கார்டியன்ஸ் போட்டு அவரை எதிரிகளுக்குள் நடக்கவிட்டுப் பாருங்கள். ட்ரூயிடை முதல் அங்கம் தாண்டி நான் ஆடவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஆகவே வார்லாக், ஒப்பந்தம் ஃபீண்ட் என்ற அரக்க சக்தியோடு. அதில் ஐந்தாம் லெவலில் ஃபயர்பாலும் கிடைக்கும், எதிரி ஒருவரை வீழ்த்தினால் தற்காலிக உயிர்ப் புள்ளியும் சேரும். ஆற்றல் எண்கள் கேரிஸ்மா 17, டெக்ஸ்டெரிட்டி 16, கான்ஸ்டிட்யூஷன் 14, விஸ்டம் 10, மற்ற இரண்டும் 8. இந்த ஆட்டத்தில் இரண்டும் ஒன்றுமான கூடுதல் புள்ளிகளை எந்த இனத்துக்கும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், அதனால் இனத்தை உங்களுக்குப் பிடித்தபடி தேர்ந்தெடுங்கள். முதல் லெவலில் எல்ட்ரிச் பிளாஸ்டை எடுக்க மறக்கவேண்டாம், அது தானாக வராது. இரண்டாம் லெவலில் அகனைஸிங், ரிபெல்லிங் இரண்டும். நான்காம் லெவலில் கேரிஸ்மாவை 19 ஆக்குங்கள். ஐந்தாம் லெவலில் ஹங்கர் ஆஃப் ஹடார். ஆறாம் லெவல் வரை ஆடிப் பாருங்கள். அதற்குள் சண்டை தொடங்கியதும் ஸ்லாட்டைச் செலவழிக்கிற கை உங்களுக்கு வந்து, கதிர் வீசுவது அலுத்தும்விட்டதென்றால், விதர்ஸிடம் போய், டிராகன் வம்சத்திலிருந்து மந்திரம் பெறும் டிராகோனிக் சோர்ஸரராக மாறுங்கள். ஆற்றல் எண்களை இதே வரிசையில் வைத்தாலே போதும். மாறியதும் உடலில் இருக்கும் தோல் கவசத்தைக் கழற்றிவிடுங்கள். சோர்ஸரருக்கு அதை அணியும் பயிற்சி கிடையாது, மனிதர், ஹாஃப் எல்ஃப் மாதிரி இனத்தின் வழியாகப் பயிற்சி வந்திருந்தால் ஒழிய அதைப் போட்டுக்கொண்டு ஒரு மந்திரம்கூடப் போட முடியாது.